ஓடிக்கொண்டிருக்கும் கோரிக்கை அறுபடாமல் வெப் சர்வரை மறுதொடக்கம் செய்தல்

பட்டப்பகலில், ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்திலேயே, எங்கள் கணக்குச் செயலியின் நிரலைப் புதுப்பிக்கும் நிலைக்கு இப்போது வந்துவிட்டோம். புதுப்பிக்கும் நேரத்தில் பாதி ஓடிக்கொண்டிருந்த அறிக்கை முழுதாக முடிந்து பயனரின் கைக்குப் போகிறது. அதே நேரத்தில் வந்து சேரும் புதுக் கோரிக்கை சற்றுக் காத்திருந்தாலும் பிழையில்லாமல் பதில் பெறுகிறது. இதற்காக இரண்டாவது சர்வர் எதையும் வாடகைக்கு எடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த மென்பொருள்களின் அமைப்புகளை மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அளந்து பார்த்ததுதான் முழு வேலையும். சரிவராமல் கைவிட்ட முறைகளையும் சேர்த்து, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். இதே அமைப்பில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு வெற்றி பெற்ற முறையைவிடக் கைவிட்ட முறைகள் அதிகம் பயன்படக்கூடும்.

முதலில் இருந்த அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 2 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு சிறிய வாடகைக் கணினி. அதில் உபுண்டு 22.04. வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை முன்வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் வாங்கி, அதே கணினியின் 127.0.0.1 முகவரியில் 8000 ஆம் போர்ட்டில் (இணைப்பு வாசலின் எண்) காத்திருக்கும், பைதான் செயலிகளை ஓட்டும் ஜியூனிகார்ன் என்ற சர்வருக்கு அனுப்புகிறது. ஜியூனிகார்னுக்குள், ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் எடுக்கும் சிங்க் வகை வொர்க்கர்கள் (வேலை செய்யும் புராசஸ்கள்) 4, ஜாங்கோ என்ற பைதான் கட்டமைப்பில் எழுதிய எங்கள் செயலியை ஓட்டுகின்றன. எல்லாவற்றையும் ஏற்றி இறக்குவது லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி. தரவுத்தளம் வேறு கணினியில் இருக்கிறது. பெரும்பாலான கோரிக்கைகள் கால் வினாடிக்குள் முடிந்துவிடும். ஆனால் மாதாந்திர ஜிஎஸ்டி விற்பனைப் பட்டியலை பிடிஎஃப் ஆகத் தயாரிக்கும் கோரிக்கைக்கு 40 வினாடி வரை ஆகும். ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய 11 ஆம் தேதிக்கு முந்தைய நாட்களில் இந்த அறிக்கையை எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்பார்கள். திருத்தம் கேட்டு அழைப்பு வருவதும், அதற்காக நாங்கள் நிரலைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதும் அதே நாட்களில்தான்.

புதுப்பித்தவுடன் சிஸ்டம்டியின் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் ரீஸ்டார்ட் கொடுப்பது வழக்கம். அப்போதெல்லாம் சிலருக்கு 502 பிழை, அதாவது பின்னாலுள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை, வரும். அறிக்கைக்காகக் காத்திருந்தவர் திரும்பவும் முதலிலிருந்து கேட்க வேண்டும். என்ஜின்எக்ஸின் பிழைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது ஒரே வகைப் பிழை இல்லை என்பது தெரிந்தது. சில வரிகள் 111 என்ற எண்ணுடன், அதாவது இணைப்பு மறுக்கப்பட்டது என்று இருந்தன. சில 104 என்ற எண்ணுடன், இணைப்பு மறுமுனையால் முறிக்கப்பட்டது என்று இருந்தன. இன்னும் சில எண் எதுவும் இல்லாமல், பதிலின் தலைப்பகுதியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலுள்ள சர்வர் இணைப்பை முன்கூட்டி மூடிவிட்டது என்று சொல்லின. இந்த மூன்றும் மூன்று வேறு வகைக் கோரிக்கைகளுக்கு நேர்ந்தவை என்று பிரித்துப் பார்த்த பிறகே வேலை நகர்ந்தது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். இலை முன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒரு கூட்டம். கூடத்துக்குள் வந்து அடுத்த பந்திக்கு நிற்பவர்கள் இன்னொரு கூட்டம். இப்போதுதான் வாசலுக்கு வருபவர்கள் மூன்றாவது கூட்டம். சர்வரிலும் அப்படியே. வொர்க்கர் கையில் எடுத்து வேலை செய்துகொண்டிருக்கும் கோரிக்கைகள் முதல் வகை. டிசிபி இணைப்பு முழுமையாக அமைந்து, எந்த வொர்க்கரும் இன்னும் எடுக்காமல் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வரிசையில் நிற்பவை இரண்டாம் வகை. இனிமேல் இணைய வருபவை மூன்றாம் வகை. வேலை நடுவில் வொர்க்கர் கொல்லப்பட்டால் முன்கூட்டி மூடியதாகப் பிழை வரும். காத்திருக்கும் வரிசையோடு சேர்த்து, இணைப்புகளை வாங்கும் முனையான சாக்கெட் மூடப்பட்டால் 104 வரும். கேட்கும் சாக்கெட்டே இல்லாத நேரத்தில் வந்தால் 111 வரும்.

எதையும் மாற்றுவதற்கு முன் அளக்கும் கருவியை அமைத்தேன். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் இன்னொரு சிறிய கணினியில் இதே அமைப்பை நகலெடுத்தேன். செயலியில் சோதனைக்கென்று இரண்டு முகவரிகளைச் சேர்த்தேன். ஒன்று உடனே பதில் தரும். மற்றொன்று 8 வினாடி தூங்கிவிட்டுப் பதில் தரும். இரண்டுமே பதிலில் தம் புராசஸ் எண்ணையும் (ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் எண்) நிரலின் பதிப்பு எண்ணையும் அச்சிடும். இந்தப் பதிப்பு எண் இல்லாவிட்டால் பின்னால் வந்த ஒரு குழப்பத்தைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. மெதுவான முகவரியைக் கர்ல் கட்டளையால் ஒரு பாஷ் சுழற்சியில் கூப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் நிலை எண்ணையும் மொத்த நேரத்தையும் ஒரு கோப்பில் எழுத வைத்தேன். வேகமான முகவரிக்கு ஹே என்ற சுமைக் கருவியை 20 இணைப்புகளுடன் 2 நிமிடம் ஓட விட்டேன். அப்பாச்சியுடன் வரும் ஏபி கருவியை முதலில் எடுத்தேன். ஆனால் சாக்கெட் பிழை வந்ததும் அது சோதனையையே நிறுத்திக்கொள்வதுதான் அதன் இயல்பான நடத்தை. ஆர் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் தொடரும். பிழைகளை எண்ணுவதுதான் நோக்கம் என்றால் அந்த விருப்பம் இல்லாமல் ஏபியைப் பயன்படுத்த வேண்டாம்.

வேறொரு திரையில், சாக்கெட்டுகளின் நிலையைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையை அரை வினாடிக்கு ஒருமுறை ஓட விட்டேன். கேட்கும் சாக்கெட்டின் வரியில் ரிசீவ்-க்யூ என்ற பத்தி, இப்போது வரிசையில் எத்தனை இணைப்புகள் நிற்கின்றன என்பதைக் காட்டும். செண்ட்-க்யூ என்ற பத்தி, அந்த வரிசையின் உச்ச அளவைக் காட்டும். சாதாரண இணைப்புகளில் இதே பத்திகளுக்கு வேறு பொருள் என்பதால் கேட்கும் சாக்கெட்டுகளை மட்டும் வடிகட்டிப் பார்க்க வேண்டும். நான் முழுவதும் நம்பியது இந்த ஒரு வரியைத்தான்.

என்ஜின்எக்ஸ் பக்கம் வேலை குறைவு. அதில் ரீஸ்டார்ட் வேறு, ரீலோட் வேறு. ரீலோட் கொடுத்தால், வொர்க்கர்களை நிர்வகிக்கும் மாஸ்டர் புராசஸுக்கு ஹப் என்ற சிக்னல் (ஓடும் புராசஸுக்கு இயங்குதளம் வழியாக அனுப்பும் சிறு அறிவிப்பு) போகும். அது அமைப்புக் கோப்பைத் திரும்பப் படித்து, புதிய வொர்க்கர்களைத் தொடங்கி, பழையவற்றிடம் கையிலிருப்பதை முடித்துவிட்டுப் போகச் சொல்லும். கோப்பில் பிழை இருந்தால் பழைய அமைப்பிலேயே தொடர்ந்து ஓடும். பிஎஸ் கட்டளையில் பார்த்தால், பழைய வொர்க்கரின் பெயருக்குப் பக்கத்தில் அது மூடிக்கொண்டிருக்கிறது என்ற குறிப்பு தெரியும். யாராவது பெரிய கோப்பைப் பதிவேற்றிக்கொண்டிருந்தால் அந்த வொர்க்கர் நெடுநேரம் நிற்கும். வெப்சாக்கெட் இணைப்பு என்றால் நாள்கணக்கில்கூட நிற்கலாம். அதற்கு வரம்பு கட்ட வொர்க்கர் ஷட்டவுன் டைம்அவுட் என்ற அமைப்பு 1.11.11 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதில் 10 நிமிடம் வைத்தேன். மாறாக, ரீஸ்டார்ட் கொடுத்தால் உபுண்டுவின் சேவைக் கோப்பில் உள்ளபடி க்விட் சிக்னல் அனுப்பி 5 வினாடி மட்டுமே காத்திருக்கும். ஆகவே அமைப்பு மாற்றத்துக்கு எப்போதும் ரீலோட் என்று முடிவு செய்தோம். அதற்கு முன் கோப்பைச் சரிபார்க்கும் டி விருப்பத்தை ஓட்டிவிடுவோம். பிழை இருப்பது உடனே முகத்துக்கு நேராகத் தெரிந்துவிடும்.

ஜியூனிகார்னில்தான் உண்மையான வேலை இருந்தது. மாற்றம் எதுவும் செய்யாமல், பழைய வழக்கப்படி ரீஸ்டார்ட் கொடுத்து, நேரக் கோட்டில் என்ன நடக்கிறது என்று கவனித்தேன். 8 வினாடிக் கோரிக்கை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது, நிறுத்தச் சொல்லும் டெர்ம் சிக்னல் போகிறது. சும்மா இருந்த மூன்று வொர்க்கர்கள் உடனே வெளியேறுகின்றன. மாஸ்டர் தன் கையிலிருந்த கேட்கும் சாக்கெட்டை மூடிவிடுகிறது. ஆனால் அந்தச் சாக்கெட்டின் இன்னொரு பிரதி, வேலையில் இருக்கும் நான்காவது வொர்க்கரிடம் திறந்தே இருக்கிறது. அதனால் கெர்னல் புது இணைப்புகளைத் தொடர்ந்து வரவேற்று வரிசையில் நிறுத்துகிறது, எடுப்பார் யாருமில்லை. எஸ்எஸ் திரையில் ரிசீவ்-க்யூ எண் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனது. 8 வினாடி முடிந்து கடைசி வொர்க்கர் வெளியேறியதும் அந்த வரி திரையிலிருந்தே மறைந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் 104. அதன் பிறகு புதிய மாஸ்டர் ஜாங்கோவை ஏற்றி முடித்துப் போர்ட்டைத் திறக்கும் வரை, ஏறக்குறைய 4 வினாடிக்கு, வந்தவர்களுக்கெல்லாம் 111. ஆனால் 8 வினாடிக் கோரிக்கை மட்டும் 200 என்ற நிலையுடன் ஒழுங்காக முடிந்திருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கோரிக்கைகள்தாம் அறுபடுகின்றன என்று அதுவரை எல்லோரும் எண்ணியிருந்தோம். பிழைகளில் பெரும் பகுதி வரிசையில் நின்றவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் விழுந்தது என்பதை இந்த அளவீடு காட்டியது.

அப்படியானால் 40 வினாடி அறிக்கை ஏன் அறுந்தது? இங்கே இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருந்தன. முதலாவது காலக்கெடு. ஜியூனிகார்னில் டைம்அவுட் என்று ஒன்று உண்டு, கிரேஸ்ஃபுல் டைம்அவுட் என்று இன்னொன்று உண்டு. இரண்டுக்கும் இயல்பு அளவு 30 வினாடி. அறிக்கை ஓட வேண்டும் என்பதற்காக முன்பே டைம்அவுட்டை 120 ஆக்கியிருந்தோம்; மற்றது 30 ஆகவே இருந்தது. சாதாரண நேரத்தில் 40 வினாடி ஓட அனுமதி பெற்ற அறிக்கை, மூடும் நேரத்தில் 30 ஆவது வினாடியில் கொல்லப்பட்டது. இந்த எண்களை ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி வைக்க வேண்டும். ஜியூனிகார்னின் இரண்டு கெடுக்களும் 120. என்ஜின்எக்ஸ் பதிலுக்குக் காத்திருக்கும் ப்ராக்ஸி ரீட் டைம்அவுட், இயல்பான 60இலிருந்து 130. சிஸ்டம்டியின் டைம்அவுட்ஸ்டாப்செக், இயல்பான 90இலிருந்து 150. வெளியில் இருப்பது உள்ளே இருப்பதைவிட எப்போதும் நீளமாக இருக்க வேண்டும். இல்லையெனில், உள்ளே பொறுமையாக முடிக்க முனையும்போதே வெளியிலிருந்து கில் சிக்னல் வந்துவிடும்.

இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆனது, ஏனென்றால் பதிவேட்டில் அது 502 ஆக இல்லாமல் 500 ஆக இருந்தது. கெடுக்களைச் சரிசெய்த பிறகும் சில அறிக்கைகள், சிக்னல் போன அதே வினாடியில், உள்பிழையுடன் முடிந்தன. செயலியின் பதிவேட்டில் துணைப் புராசஸ் ஒன்று சிக்னல் 15 ஆல் முடிவுற்றது என்ற வரி இருந்தது. எங்கள் அறிக்கை, பிடிஎஃப் ஆக்குவதற்கு வெளி நிரல் ஒன்றைத் துணைப் புராசஸாகத் தொடங்குகிறது. சிஸ்டம்டியின் கில்மோட் அமைப்பு இயல்பாக கண்ட்ரோல்-குரூப் என்று இருக்கும். அதாவது சேவையைச் சேர்ந்த எல்லாப் புராசஸ்களுக்கும் ஒரே சமயத்தில் டெர்ம் போகும். அந்தச் சிக்னலை ஜியூனிகார்னின் மாஸ்டரும் வொர்க்கர்களும் பொறுமையாக முடிக்கும்படியான கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பிடிஎஃப் நிரலுக்கு அப்படி எதுவும் தெரியாது, வந்தவுடன் இறந்துவிடும். கில்மோடை மிக்ஸ்டு என்று மாற்றியதும் டெர்ம் மாஸ்டருக்கு மட்டும் போயிற்று. வொர்க்கர்களிடம் சொல்ல வேண்டியதை அது சொல்லிக்கொண்டது. பிடிஎஃப் நிரல் தொந்தரவில்லாமல் தன் வேலையை முடித்தது. செயலிக்குள்ளிருந்து வெளி நிரலைக் கூப்பிடும் எவரும் இந்த ஒரு வரியை முதலிலேயே சேர்த்துவிடலாம்.

சிக்னல்களைப் பற்றி இடையில் ஒரு எச்சரிக்கை. என்ஜின்எக்ஸில் டெர்ம் என்றால் உடனே நிறுத்து, க்விட் என்றால் முடித்துவிட்டு நிறுத்து. ஜியூனிகார்னில் டெர்ம் என்றால் முடித்துவிட்டு நிறுத்து, க்விட் என்றால் உடனே நிறுத்து. இரண்டும் நேர் எதிர். அப்பாச்சியிலோ பொறுமையாக மறுதொடக்கம் செய்ய யூஎஸ்ஆர்1, பொறுமையாக நிறுத்த வின்ச். ஒரு மென்பொருளுக்கு எழுதிய ஸ்கிரிப்டை மற்றொன்றுக்கு எடுத்துப் போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. பயனர்களின் கோரிக்கைகள் மட்டும் அறுபடும்.

அடுத்து முயன்றது ஜியூனிகார்னுக்கு ஹப் அனுப்புவது. மாஸ்டர் உயிரோடு இருந்து கேட்கும் சாக்கெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, புது வொர்க்கர்களைத் தொடங்கி, பழையவற்றை முடித்துவிட்டுப் போகச் சொல்கிறது. 111 மறைந்தது, 104 மறைந்தது, ஹே கருவியின் அறிக்கையில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் பதிலில் அச்சான பதிப்பு எண் பழையதாகவே இருந்தது. புராசஸ் எண்கள் புதியவை, நிரலோ பழையது. நினைவகத்தைச் சேமிக்க ப்ரீலோட் அமைப்பை இயக்கி வைத்திருந்ததே காரணம். அப்போது செயலியை மாஸ்டரே ஏற்றிக்கொண்டு, வொர்க்கர்களைத் தன்னிடமிருந்து பிரதியெடுக்கிறது. மாஸ்டர் மாறாத வரை நிரலும் மாறாது. ப்ரீலோடை நீக்கியதும் புதுப் பதிப்பு வந்தது. அதற்குக் கொடுத்த விலை நினைவகம். முன்பு வொர்க்கர்களுக்குள் பகிரப்பட்ட நினைவகப் பக்கங்கள் இப்போது தனித்தனி ஆகிவிட்டன. எங்கள் செயலியில் வொர்க்கர் ஒன்றுக்கு 110 எம்பி அளவில் வந்தது. மாறும் சில வினாடிகளில் பழையது 4, புதியது 4 என்று எட்டும் சேர்ந்து 900 எம்பியை நெருங்கும். 2 ஜிபியில் இது அடங்குகிறது. 1 ஜிபி கணினியாக இருந்தால் அடங்காது.

ஹப் முறையில் இன்னும் இரண்டு பள்ளங்கள் உண்டு. புது வொர்க்கர்கள் தயாராகும் வரை பழையவற்றை வைத்திருக்கும் பழக்கம் ஜியூனிகார்னுக்கு இல்லை; புதியவற்றைத் தொடங்கிய கையோடு பழையவற்றுக்கு டெர்ம் அனுப்பிவிடும். ஜாங்கோ ஏறும் அந்த 4 வினாடியில் வருபவர்கள் வரிசையில் நிற்பார்கள். பிழை இல்லை, தாமதம் மட்டுமே. இரண்டாவது பள்ளம் ஆழமானது. புது நிரலில் ஓர் இறக்குமதிப் பிழை (நிரல் தனக்குத் தேவையான வேறொரு கோப்பை ஏற்ற முடியாத பிழை) இருந்து வொர்க்கர் ஏறவே முடியாமல் போனால், வொர்க்கர் தொடங்கத் தவறியது என்று பதிவேட்டில் எழுதிவிட்டு மாஸ்டரும் நின்றுவிடும். என்ஜின்எக்ஸைப் போலப் பழையதிலேயே தொடரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சோதனைக் கணினியில் வேண்டுமென்றே ஓர் எழுத்துப் பிழையைப் போட்டு இதை உறுதி செய்துகொண்டேன். இப்போது எங்கள் ஸ்கிரிப்ட், ஹப் அனுப்புவதற்கு முன் புது நிரலைத் தனிப் புராசஸில் ஒருமுறை ஏற்றிப் பார்க்கிறது. ஜாங்கோவின் செக் கட்டளையையும் ஓட்டுகிறது. இரண்டில் ஒன்று தவறினாலும் சிக்னல் போகாது.

இந்தப் பள்ளத்தைத் தாண்ட யூஎஸ்ஆர்2 முறையையும் முயன்றேன். அதில் பழைய மாஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய மாஸ்டர் ஒன்று, அதே கேட்கும் சாக்கெட்டை மரபாகப் பெற்றுத் தொடங்கும். புதியது சரியாக ஓடுகிறது என்று கண்ட பிறகு பழையதற்கு டெர்ம் அனுப்பலாம். முறை அழகானது. ஆனால் எங்கள் சேவைக் கோப்பில், பழைய மாஸ்டர்தான் முதன்மைப் புராசஸ் என்று சிஸ்டம்டி நினைத்துக்கொண்டிருந்தது. அது வெளியேறியதும் சேவை முடிந்துவிட்டதாகக் கருதி, அதே குழுவில் இருந்த புதிய மாஸ்டரையும் சேர்த்து நிறுத்திவிட்டது. சேவையின் வகையை ஃபோர்க்கிங் ஆக்கி, மாஸ்டரின் புராசஸ் எண்ணைச் சொல்லும் பிஐடி கோப்பைச் சுட்டினால் இதைச் சமாளிக்கலாம். உபுண்டுவின் என்ஜின்எக்ஸ் அந்த வகையில்தான் இருக்கிறது, அதனால் அங்கே யூஎஸ்ஆர்2 தடையின்றி வேலை செய்யும். எங்களுக்கு அதைவிடக் குறைந்த அசைவுள்ள வழி ஒன்று கிடைத்ததால் இதை விட்டுவிட்டேன்.

அந்த வழி, கேட்கும் சாக்கெட்டை ஜியூனிகார்னிடமிருந்து வாங்கி சிஸ்டம்டியிடம் கொடுப்பது. சேவைக் கோப்புக்குப் பக்கத்தில் அதே பெயரில் சாக்கெட் கோப்பு ஒன்றை எழுதி, அதில் 127.0.0.1:8000 என்று முகவரியைக் கொடுத்தேன். போர்ட்டைத் திறப்பது சிஸ்டம்டி. திறந்த சாக்கெட்டை 3 ஆம் எண் கோப்பு விவரிப்பியாக (புராசஸ் திறந்து வைத்திருக்கும் ஒன்றைக் குறிக்கும் எண்) ஜியூனிகார்னின் கையில் கொடுத்துவிடும். ஜியூனிகார்ன் அதை உணர்ந்து தானாகப் போர்ட்டைத் திறக்க முயலாது. ஜியூனிகார்ன் முழுவதுமாக நின்று திரும்ப ஏறினாலும், மூல சாக்கெட் சிஸ்டம்டியிடம் திறந்தே இருப்பதால் வரிசை கலையாது. வரிசையின் நீளத்துக்கு பேக்லாக் அமைப்பில் 2048 கொடுத்தேன். கெர்னலின் சோமாக்ஸ்கான் அளவு இதற்கு மேல்வரம்பு, லினக்ஸ் 5.4இலிருந்து அது 4096, அதற்கு முன் 128. பழைய கெர்னலில் இருப்பவர்கள் அந்த எண்ணையும் உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் கோப்பில் எதை எழுதினாலும் 128 தான்.

மாற்றும் அன்று ஒரு சிறு இடைவெளியைத் தவிர்க்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் ஜியூனிகார்ன் போர்ட்டைப் பிடித்திருக்கும்போது சாக்கெட் அலகை (அந்தச் சாக்கெட் கோப்பின்படி இயங்கும் பகுதியை) தொடங்கினால், சேவை ஏற்கெனவே ஓடுகிறது என்று சொல்லி சிஸ்டம்டி மறுத்துவிடும். சேவையை நிறுத்தி, சாக்கெட்டைத் தொடங்கி, பிறகு சேவையைத் தொடங்க வேண்டும். அதை இரவு நேரத்தில் செய்தோம். அதன் பிறகு புதுப்பிப்பு ஸ்கிரிப்டில் சேவையின் பெயர் மட்டுமே இருக்க வேண்டும். சாக்கெட் அலகைத் தொட்டால் வரிசை போய்விடும்.

சோதனைக் கணினியில் இந்த அமைப்புடன் முழு ரீஸ்டார்ட் கொடுத்தபோது எஸ்எஸ் வரி ஒருமுறைகூட மறையவில்லை. ரிசீவ்-க்யூ ஏறியது, ஜாங்கோ ஏறியதும் மளமளவென்று இறங்கி 0 ஆயிற்று. பிழை எதுவும் இல்லை. ஆனாலும் இது தனியாகப் போதவில்லை. ரீஸ்டார்ட் என்றால் பழையது முழுதாக முடிந்த பிறகே புதியது தொடங்கும். யாரோ ஒருவரின் 40 வினாடி அறிக்கை ஓடிக்கொண்டிருந்தால், சும்மா இருந்த மற்ற மூன்று வொர்க்கர்களும் வெளியேறிவிட்ட நிலையில், எல்லோரும் அந்த ஒரு அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டும். கால் வினாடியில் வர வேண்டிய பக்கத்துக்கு 40 வினாடி காத்திருக்கும் பயனருக்கு, அதுவும் பிழைதான்.

ஆகவே இரண்டையும் சேர்த்தோம். நிரல் மட்டும் மாறும் அன்றாடப் புதுப்பிப்புக்கு ஹப். சேவைக் கோப்பில் எக்செக்ரீலோட் வரியில் அதை எழுதியிருப்பதால், சிஸ்டம்சிடிஎல் ரீலோட் என்று கொடுத்தால் போதும். பைதான், ஜியூனிகார்ன் அல்லது நூலகங்கள் மாறும்போது முழு ரீஸ்டார்ட். அதை அறிக்கைகள் குறைவாக இருக்கும் நேரத்தில் செய்கிறோம். எதிர்பாராமல் மாஸ்டர் நின்றுபோனாலும் சாக்கெட் திறந்திருப்பதால், தோல்வியில் மீண்டும் தொடங்கு என்ற அமைப்பின்படி அது எழுந்து வரும்வரை பயனர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: திரும்பத் திரும்பத் தொடங்கித் தோற்றால், சிஸ்டம்டி ஒரு வரம்புக்கு மேல் சேவையைக் கைவிட்டு சாக்கெட் அலகையும் தோற்றதாக அறிவித்துவிடும்.

இந்த முறையில் பழைய நிரலும் புதிய நிரலும் சிறிது நேரம் அருகருகே ஓடுகின்றன. நாங்கள் கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி வழியாக அதே அடைவில் கோப்புகளை மாற்றுகிறோம். பழைய வொர்க்கர் தன் மாட்யூல்களை ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றியிருப்பதால் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஆனால் சில ஃபங்ஷன்களுக்குள் எழுதப்பட்டிருந்த இறக்குமதி வரிகள், அந்த ஃபங்ஷன் முதன்முறை ஓடும்போதுதான் கோப்பைத் திறக்கும். பழைய வொர்க்கர் அந்த நேரத்தில் புதுக் கோப்பை எடுத்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கலந்துவிடும். அந்த வரிகளைத் தேடி எடுத்துக் கோப்புகளின் தலைப்பகுதிக்கு நகர்த்தினோம். தரவுத்தள மாற்றத்திலும் இதே கவனம் வேண்டும். அட்டவணையில் ஒரு பத்தியின் பெயரை ஒரே அடியில் மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் பழைய அறிக்கை அடுத்த வினவலிலேயே விழுந்துவிடும். புதுப் பத்தியைச் சேர்ப்பது ஒரு புதுப்பிப்பு, பழையதை நீக்குவது அடுத்த புதுப்பிப்பு என்று இரண்டாகப் பிரித்துவிட்டோம். நடைமுறையில் இதுதான் அதிக ஒழுக்கம் கேட்கிறது; சிக்னல்களை ஒருமுறை சரிசெய்தால் போதும், இதை ஒவ்வொரு முறையும் நினைவில் வைக்க வேண்டும்.

என்ஜின்எக்ஸுக்கும் ஜியூனிகார்னுக்கும் இடையே இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும் கீப்அலைவ் முறையைச் சோதித்துவிட்டு நீக்கினேன். அதற்காகத் த்ரெட் வகை வொர்க்கருக்கு மாற்றிப் பார்த்தபோது, ஹப் கொடுக்கும் நேரத்தில் அபூர்வமாக, தரவைப் பதிவு செய்யும் போஸ்ட் கோரிக்கை ஒன்று 502 ஆயிற்று. பக்கத்தைக் கேட்க மட்டும் செய்யும் கெட் கோரிக்கை எதுவும் ஆகவில்லை. வொர்க்கர் மூடும் அதே நொடியில் என்ஜின்எக்ஸ் பழைய இணைப்பில் கோரிக்கையை எழுதினால் இது நேரும். கெட் என்றால் என்ஜின்எக்ஸ் தானே மறுபடி அனுப்பிவிடும். போஸ்ட்டை 1.9.13 பதிப்பிலிருந்து, வெளிப்படையாகச் சொன்னால் ஒழிய, மறுபடி அனுப்பாது. ஒரே பில் இரண்டு முறை பதிவாகாமல் இருக்க அதுவே சரியான நடத்தை. ஒரே கணினிக்குள் புது இணைப்பு அமைக்க ஆகும் நேரம் எங்கள் அளவீட்டில் தெரியவே இல்லை என்பதால், சிங்க் வொர்க்கருக்கே திரும்பிவிட்டோம்.

இறுதி அமைப்பில், 20 இணைப்புகளின் சுமை ஓடும்போதே இடையிடையே ரீலோட் கொடுத்துப் பார்த்ததில் பிழை எதுவும் இல்லை. மிக நீண்ட பதில் நேரம் 4 வினாடியை ஒட்டியே இருந்தது. 8 வினாடிக் கோரிக்கைகளில் ரீலோடுக்கு முன் தொடங்கியவை பழைய பதிப்பு எண்ணையும், பின் தொடங்கியவை புதிய எண்ணையும் அச்சிட்டன. 11 ஆம் தேதிக்கு முந்தைய நாள் ஒன்றில் உண்மையான சர்வரில் இரண்டு திருத்தங்களைப் பகலிலேயே ஏற்றினோம்; என்ஜின்எக்ஸின் பிழைப் பதிவேட்டில் 104, 111 இரண்டும் இல்லை.

இன்னொரு சர்வரை இதேபோல அமைக்க நேர்ந்தால் வரிசையை மாற்றுவேன். சாக்கெட் அலகையும் கில்மோட் வரியையும் முதல் நாளிலேயே எழுதிவிடுவேன். ஓடும் சேவையை அதற்கு மாற்றுவதைவிடத் தொடக்கத்தில் எழுதுவது மிக எளிது. பதிப்பு எண்ணும் புராசஸ் எண்ணும் அச்சிடும் முகவரியைச் செயலியின் நிரந்தரப் பகுதியாக வைப்பேன். ஜாங்கோ ஏறும் 4 வினாடியில் பெரும் பகுதி, தொடக்கத்திலேயே ஏற்றப்படும் கனமான விரிதாள் நூலகம் ஒன்றினால் ஆவது. அதை முதன்மைச் செயலியிலிருந்தே வெளியேற்றினால் அந்த இடைவெளியும் குறையும்.

அதற்கான வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. விற்பனைப் பட்டியல் அறிக்கையை வெப் கோரிக்கைக்குள் தயாரிக்காமல், செலரி என்ற பின்னணி வேலைக் கருவி வழியாகத் தயாரித்து, முடிந்ததும் பயனருக்கு இணைப்பைக் காட்டும்படி மாற்றுகிறோம். அப்போது வெப் வொர்க்கரிடம் நீண்ட வேலை எதுவும் இருக்காது. முழு ரீஸ்டார்ட்டும் சில வினாடிகளில் முடிந்துவிடும். காத்திருக்க வேண்டிய பொறுப்பு செலரி வொர்க்கருக்குப் போகும். அதுவும் டெர்ம் கிடைத்தால் கையிலுள்ள வேலையை முடித்துவிட்டுத்தான் நிற்கும். அதன் சேவைக் கோப்பில் கில்மோட் மிக்ஸ்டு, டைம்அவுட்ஸ்டாப்செக் 600 என்று எழுதி வைத்திருக்கிறேன். பிடிஎஃப் நிரலை இந்த முறை அதற்குள் ஓட விட்டுத்தான் அடுத்த சோதனை.